கைக்கும் பசி உண்டு

தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு அறிவு வளர்க்கும் விளையாட்டுகளையும் புதிர்களையும் தேர்ந்தெடுப்பது குறித்து, நோயாளிகளுக்கும் உடனிருந்து கவனிப்போருக்கும் சில குறிப்புகள்

காலையில் மருத்துவர்கள் பார்வையிட்டுச் சென்றுவிடுகிறார்கள். மாத்திரை கொடுத்தாயிற்று, குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஊசிக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது. குழந்தைகள் பிரிவில் அந்த இடைவேளையே பெரும் சோதனை. காய்ச்சல் தணிந்த குழந்தைக்குப் படுத்திருக்க மனமில்லை; எழுந்து ஓட அனுமதியும் இல்லை.

அப்படியொரு பகற்பொழுதில், இரண்டாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன், தாயின் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டபின், மேசைமேல் கிடந்த வெற்று மாத்திரை அட்டைகளை எடுத்துப் பரப்பினான். பத்துக் குழி உள்ளவை ஒரு வரிசை, பதினைந்து குழி உள்ளவை மற்றொரு வரிசை என்று அடுக்கினான். எண்ணினான். கலைத்தான். மறுபடியும் அடுக்கினான். "ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்கிறானே" என்று தாய் அலுத்துக்கொண்டார். அவன் சும்மா இராததே அவன் தேறி வருகிறான் என்பதற்கு நல்ல அடையாளம்.

மாத்திரை அட்டையின் விளிம்பு கையைக் கீறும்; ஏதேனும் ஒரு குழியில் மருந்து தங்கியிருக்கவும் கூடும். ஆகவே செவிலியர் அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவற்றுக்கு ஈடாக அச்சிறுவன் கையில் எதைக் கொடுப்பது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

ஒரு மருத்துவர் கண்டறிந்த உண்மை

இக்கேள்வியை நூறாண்டுகளுக்கு முன்பே எழுப்பியவர் ஒரு மருத்துவர். இத்தாலி நாட்டைச் சேர்ந்த மரியா மாண்டிசோரி 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனநல மருத்துவப் பிரிவில் அவர் பணியாற்றிய காலத்தில், அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்டு, வெற்று அறையொன்றில் அடைக்கப்பட்டிருந்த குழந்தைகளைக் கண்டார். உணவு முடிந்தபின் அவர்கள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தனர். பெருந்தீனிப் பழக்கம் என்று பணியாளர்கள் அதனை இகழ்ந்தனராம். அந்த அறையில் தொட்டுப் பார்க்கவும் உருட்டிப் பார்க்கவும் வேறு ஒரு பொருளும் இல்லை என்பதை மாண்டிசோரி கவனித்தார். பசித்திருந்தது வயிறன்று, கை என்பது அவர் கண்டறிந்த உண்மை என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

கைகளுக்கு வேலை கொடுக்கும் கற்றல் கருவிகளை அவர் உருவாக்கினார். 1907இல் உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் நாடு திரும்ப இயலாத நிலையில், 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கியிருந்தார். ஆறு முதல் பன்னிரண்டு வயதுடைய குழந்தைகளுக்கான அவருடைய கல்விச் சிந்தனை உருப்பெற்றது அங்கேதான். வாடிப்பட்டியைக் கடந்து மலையேறும் நமக்குக் கொடைக்கானல் அயலூர் அன்று.

மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் குழந்தைக்கு இந்தக் கைப்பசி இரட்டிப்பாகிறது. எப்போது எழுவது, எதை உண்பது, எந்தக் கையில் ஊசி குத்துவது என்று யாவற்றையும் பிறரே முடிவு செய்கிறார்கள். வீட்டில் நாளொன்றுக்கு நூறு சிறு முடிவுகளைத் தானே எடுத்து வந்த குழந்தைக்கு இங்கே ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. அடம், அழுகை, பேசாமை, பழையபடி விரல் சூப்புதல் ஆகியவற்றுள் பல இதனால் விளைபவை. ஒரு காயை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று குழந்தை யோசித்து வைக்கும்போது, இழந்த அந்த உரிமையில் ஒரு பகுதி அதற்குத் திரும்பக் கிடைக்கிறது. விளையாட்டும் ஓய்வும் குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாடுகள் அவையின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 31ஆம் பிரிவில் கூறுகிறது. இந்தியா 1992இல் அதனை ஏற்றது. நோயுற்ற குழந்தைக்கு அந்த உரிமை சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அமைகிறது.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலும், சித்திரைத் திருவிழாக் கடைகளிலும், இணைய வணிகத்திலும் விளையாட்டுப் பொருள்கள் குவிந்து கிடக்கின்றன. "அறிவை வளர்க்கும்" என்ற சொற்கள் பெரும்பாலான பெட்டிகளில் அச்சிடப்பட்டுள்ளன. அதனை அச்சிட எவரும் தேர்வு எழுதுவதில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்க்குமுன் ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது.

முதலாவது: வேலை செய்வது குழந்தையா, பொம்மையா? பொத்தானை அழுத்தியதும் தானே பாடி, தானே எண்ணி, தானே கைதட்டும் பொம்மை குழந்தையை வெறும் பார்வையாளராக்கிவிடும். பொம்மை எவ்வளவு குறைவாகச் செய்கிறதோ அவ்வளவு அதிகமாகக் குழந்தை செய்ய நேரும்.

இரண்டாவது: தவற்றை யார் காட்டுகிறார்கள்? படத்துண்டு பொருந்தாவிட்டால் குழந்தைக்கே தெரிந்துவிடும். "தப்பு" என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. தன் தவற்றைத் தானே கண்டு திருத்திக்கொள்ள வழிசெய்யும் விளையாட்டு குழந்தைக்கு அச்சத்தைத் தருவதில்லை.

மூன்றாவது: கடினம் எவ்வளவு? எளிதில் முடிவது சலிப்பைத் தரும். முடியவே முடியாதது அழுகையில் கொண்டுவிடும். சற்றுத் திணறி, பிறகு முடித்து, "இன்னொரு தடவை" என்று கேட்க வைப்பதே சரியான அளவு. உடல்நலம் குன்றிய நாள்களில் வயதுக்குக் குறைந்த விளையாட்டைக் குழந்தை விரும்பலாம். அது பின்னடைவன்று, களைப்பு. நலம் திரும்பும்போது விருப்பமும் திரும்பும்.

நான்காவது: எப்போது முடியும்? நோயுற்ற குழந்தைக்குப் பத்து, பதினைந்து நிமிடங்களில் முடிவதே ஏற்றது. செவிலியர் வந்தால் நடுவில் நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

ஐந்தாவது: எதிரே அமர யார் இருக்கிறார்கள்? இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். விலையுயர்ந்த பெட்டியைக் கொடுத்துவிட்டு நாம் எழுந்து சென்றால், குழந்தைக்குக் கிடைப்பது ஒரு பெட்டி. பழைய நாட்காட்டித் தாளில் கட்டம் போட்டு எதிரே அமர்ந்தால், கிடைப்பது ஒரு விளையாட்டு.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு

படத்துண்டுப் புதிர் இவ்வயதுக்கு நல்ல தொடக்கம். 1760களில் இலண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் நில வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லையில் அறுத்து விற்றதே இதன் தொடக்க வரலாறு. பிறந்தபோதே அது பாடக் கருவியாகத்தான் பிறந்தது. 24 முதல் 48 துண்டுகள் உள்ளவை இவ்வயதுக்குப் பொருந்தும். வாங்க இயலாவிட்டால் நாட்காட்டிப் படத்தைக் கெட்டி அட்டையில் ஒட்டி, முதலில் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டுங்கள். குழந்தை தேறிய பிறகு ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டினால் புதிய புதிர் கிடைத்துவிடும்.

அடுத்தது பாம்பும் ஏணியும். எல்லா வீட்டிலும் உள்ள இந்த அட்டையில் பலர் அறியாத ஒரு நுட்பம் உண்டு. காய் 24ஆம் கட்டத்தில் இருக்கிறது. பகடையில் 3 விழுகிறது. பெரும்பாலான குழந்தைகள் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி நகர்த்துவார்கள். அதற்கு மாறாக, கட்டத்தில் எழுதியுள்ள எண்களையே "இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு" என்று சொல்லி நகர்த்தச் செய்யுங்கள். அமெரிக்காவில் எலிடா லாஸ்கி, ராபர்ட் சீக்லர் ஆகிய இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, நூறு கட்ட அட்டையில் இவ்வாறு எண்ணிய குழந்தைகளுக்கே எண்களின் அளவும் வரிசையும் நன்கு பிடிபட்டதாகக் காட்டியது. ஒன்றிலிருந்து எண்ணி நகர்த்தியவர்களுக்கு அத்தகைய பயன் கிடைக்கவில்லை. அட்டை ஒன்றே, எண்ணும் முறைதான் வேறு. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

நினைவாட்டமும் நன்று. ஆறு எழுத்துகளை இரண்டிரண்டு சீட்டுகளில் எழுதிக் கவிழ்த்து வைத்து, இணைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். 'ல, ள, ழ', 'ன, ண, ந' போன்று குழந்தை தடுமாறும் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தால் பாடமும் கூடவே நடக்கும்.

மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை

இவ்வயதில் குழந்தை எதிராளியின் மனத்தையும் கணக்கில் கொள்ளத் தொடங்குகிறது. ஆகவே உத்தியைக் கோரும் ஆட்டங்கள் பொருந்தும். தாயக்கட்டையில் 1 முதல் 6 வரையும் 12உம் எனச் சில எண்களே விழும். விழுந்ததை எந்தக் காய்க்குக் கொடுப்பது, எதை வெட்டுவது, எதை மலையேற்றுவது என்று முடிவெடுப்பதில் கூட்டலும் முன்யோசனையும் கலந்திருக்கின்றன. சதுரங்கம், நான்குக்கு நான்கு கட்டத்தில் போடும் சிறுவர் சுடோகு, ஏழு துண்டுகளால் உருவங்கள் அமைக்கும் சீன நாட்டு டேங்கிராம் ஆகியவையும் ஏற்றவை.

ஆடுபுலி ஆட்டம் தனிச்சிறப்புடையது. புலிகள் மூன்று, ஆடுகள் பொதுவாகப் பதினைந்து. வலியவர் சிலர், எளியவர் பலர். புலி தாண்டி வெட்டும். ஆடுகளோ சேர்ந்து நின்று வழியை அடைக்கும். ஒருமுறை புலியாகவும் மறுமுறை ஆடாகவும் ஆடச் செய்தால், ஒரே நிலைமையை இரு பக்கத்திலிருந்தும் பார்க்கக் குழந்தை கற்றுக்கொள்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. விளையாடினாலே பள்ளிக் கணக்கு வந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. டெல்லியில் பிரதம் அமைப்பு நடத்திய 214 முன்பருவ வகுப்புகளில், 1,540 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு 2017இல் 'சயன்ஸ்' இதழில் வெளியாயிற்று. கணித விளையாட்டுகளை ஆடிய குழந்தைகளுக்கு அளவுகளை ஒப்பிட்டு உணரும் திறன் வளர்ந்தது. ஓராண்டுக்குப் பின்னும் அது நிலைத்தது. ஆயினும் எழுத்தாலும் எண்ணாலும் போடும் பள்ளிக் கணக்கில் அவர்கள் மற்றவர்களை விஞ்சவில்லை. விளையாட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம். அப்பாலத்தை அமைப்பது எளிது. ஆட்டம் முடிந்ததும் யாருக்கு எத்தனை காய்கள் என்று குழந்தையே தாளில் எழுதட்டும். வென்றவர் எத்தனை கூடுதல் என்று கழித்துப் பார்க்கட்டும். இரண்டு நிமிட வேலைதான். கையில் இருந்த எண்ணிக்கை தாளில் எண்ணாக மாறுவது அந்த இரண்டு நிமிடத்தில்தான்.

காசில்லாமல் கிடைப்பவை

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கீழடியில், பகடைக்காய்களும் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. அந்தச் சில்லுகள் உடைந்த பானை ஓடுகளைத் தேய்த்து வட்டமாக்கியவை. 2,000 ஆண்டுகளுக்கு முன்பே வையைக் கரையில் வாழ்ந்தோர், உடைந்த பானையை எறிந்துவிடாமல் விளையாட்டுப் பொருளாக்கியிருக்கிறார்கள். பிள்ளைக்கு நல்ல பொம்மை வாங்கித் தர முடியவில்லையே என்று மருத்துவச் செலவுக்கு நடுவே மனம் வருந்தும் பெற்றோர் இதனை நினைவிற்கொள்ளலாம்.

படுக்கையில் இருந்தபடி ஆடப் பல்லாங்குழிப் பலகை தேவையில்லை. பரீட்சை அட்டையில் ஒரு தாளைச் செருகி, ஏழேழாக இரண்டு வரிசையில் பதினான்கு வட்டங்கள் வரைந்தால் போதும். வட்டத்துக்கு ஐந்தாக எழுபது காய்கள் வேண்டும். களைத்த குழந்தைக்கு வட்டத்துக்கு மூன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றாக இடுவதும், நான்கு சேர்ந்ததும் 'பசு' என்று எடுப்பதும், இறுதியில் எண்ணிப் பங்கிடுவதும் கணக்கின் அடிப்படைகளே. முட்டை அட்டையைப் பலகையாக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. முட்டை ஓட்டில் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் மருத்துவமனைக்கு அதனைக் கொண்டுவர வேண்டா.

கோலம் மற்றொரு செல்வம். தாளில் புள்ளிகள் இட்டு, கையெடுக்காமல் ஒரே கோட்டால் எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவரும் சிக்குக் கோலம் நல்ல புதிர். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய குழுவினரும் 1970களில் கோலங்களின் அமைப்பைக் கணினி அறிவியல் நோக்கில் ஆராய்ந்தனர். பாட்டி வாசலில் போடுவது கணிதம் என்று பேரனுக்கும் பேத்திக்கும் சொல்லுங்கள். மூன்றுக்கு மூன்று புள்ளியில் தொடங்கினால் போதும்.

இரு கைகளும் ஓய்ந்திருக்க வேண்டிய நேரத்தில் சொல் விளையாட்டு உதவும். ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல் தொடங்க வேண்டும்: பூமி, மிளகு, குருவி, விளக்கு, குடை. 'டை' என்று தொடங்கும் தமிழ்ச்சொல் இல்லாமையால் எதிராளி திகைக்க, குழந்தைக்கு ஒரு புள்ளி. எந்த எழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது என்னும் இலக்கணத்தைக் குழந்தை இவ்வாறு தானே கண்டுபிடித்துவிடுகிறது. விடுகதைகளையும் குழந்தையையே புனையச் சொல்லலாம். சுற்றிலும் உள்ள பொருள்களே போதும். "தலைகீழாய்த் தொங்கும், நாளெல்லாம் சொட்டும், தரை மட்டும் நனையாது. அது என்ன?" விடை, கட்டிலருகே தொங்கும் குளுக்கோஸ் பாட்டில். அஞ்சிய பொருளைக் கேலி செய்யத் தொடங்கிய குழந்தைக்கு அச்சம் பாதி குறைந்துவிடும்.

உடல்நிலைக்கு ஏற்ற தேர்வு

குளுக்கோஸ் ஏறும் கைக்கு அசைவு கூடாது. ஒரு கையால் ஆடக்கூடிய பகடை, நினைவாட்டம், பெரிய துண்டுகள் உள்ள படப்புதிர் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். கூடுமானால் எழுதாத கையில் ஊசி குத்துமாறு செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

கடும் காய்ச்சலில் விளையாட்டைத் திணிக்க வேண்டா. கதை கேட்பதே அப்போது போதும். டெங்குக் காய்ச்சலில் இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது, விழவோ அடிபடவோ வாய்ப்புள்ள ஆட்டங்களை அறவே தவிர்க்க வேண்டும். படுக்கையில் இருந்தபடி ஆடும் தாள் விளையாட்டுகள் பாதுகாப்பானவை.

காலில் மாவுக்கட்டுப் போட்ட குழந்தைக்கு நேரம் மிகுதி, வலி குறைவு. பல நாள் நீளும் பெரிய படப்புதிரோ சதுரங்கமோ அதற்குப் பொருந்தும். கைக்கட்டுப் பிரித்தபின் விரல்கள் விறைத்திருக்கும். அப்போது ஐந்தாங்கல் நல்ல பயிற்சி. எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு அறியுங்கள்.

நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைகளுக்குக் கழுவக்கூடிய கெட்டிப் பொருள்களை மட்டுமே கொடுக்க வேண்டும். பஞ்சு பொம்மைகளை அடுத்த கட்டில் குழந்தையோடு மாற்றிக்கொள்ளக் கூடாது.

ஊசியைக் கண்டு அஞ்சும் குழந்தைக்கு விளையாட்டு மருத்துவப் பெட்டியைக் கொடுத்துப் பாருங்கள். பொம்மைக்கு ஊசி போட்டு, "வலிக்காது, அழக் கூடாது" என்று அதட்டும்போது, தன்மேல் நடப்பதைக் குழந்தை தன் கைக்குள் கொண்டுவருகிறது. பொம்மைக்கு எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். தன் வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை பொம்மையின் வலியைச் சொல்லும்.

நோயாளி பெற்றோரானால்

இவ்விதழை வாசிப்போரில் பலர் தாமே நோயாளிகள். வீட்டில் பாட்டியிடம் பிள்ளையை விட்டுவிட்டு இங்கே படுத்திருக்கிறீர்கள். பெரியவர்கள் பிரிவில் சிறுவர்களுக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. "நல்லாப் படி", "பாட்டி சொல்றதைக் கேளு" என்பதற்குமேல் தொலைபேசியில் பேச ஒன்றும் தோன்றாமல் போகும்.

ஆடுபுலிக் கட்டத்தை இரண்டு தாள்களில் ஒரே மாதிரி வரைந்து, காய் வைக்கும் 23 சந்திப்புகளுக்கும் எண்ணிடுங்கள். ஒரு தாள் உங்களிடம், மற்றொன்று வீட்டில். "அப்பா, என் புலி 7லிருந்து 12க்குப் போகுது" என்று மாலையில் அழைப்பு வரும். நீங்கள் யோசித்து, ஓர் ஆட்டை நகர்த்துவீர்கள். வாரம் சில முறை, நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு இருக்க வேண்டியவர்களுக்கு இது நேரம் போக்குவதோடு நிற்பதில்லை. நாளை என்ன நகர்த்துவார் என்று உங்களைப் பற்றி ஒரு குழந்தை வீட்டில் யோசித்துக்கொண்டிருக்கிறது. நோயாளியாகிவிட்ட அப்பாவும் அம்மாவும், இன்னும் வெல்வதற்கு அரிய எதிராளிகளாகவே அதற்குத் தெரிகிறார்கள்.

பாதுகாப்பு

வாங்கும் பொம்மையில் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதா என்று பாருங்கள். பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் அது கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கு விலக்கு உண்டு. சாயம் கையில் ஒட்டினாலோ கூரிய விளிம்பு இருந்தாலோ வாங்க வேண்டா.

பொத்தான் போன்ற சிறு வட்ட மின்கலம் உள்ள பொம்மையில், மின்கல மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். அதனை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண் உண்டாகலாம். ஐயம் ஏற்பட்டாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல் 108ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். சிறு காந்த உருண்டைகளும் அத்தகைய ஆபத்துடையவை. இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளை இடையில் பற்றிக்கொண்டு துளையிடக்கூடும்.

நம் வீட்டுப் புளியங்கொட்டையும் சோழியும் மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கையின் கைக்கு எட்டக் கூடாது. மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே கேடு. மூக்கில் போட்டுக்கொண்டால் ஊக்கு, குச்சி கொண்டு தோண்டாதீர்கள். கொட்டை ஈரத்தில் ஊறிப் பருக்கும். தோண்டினால் மேலும் உள்ளே செல்லும். எடுப்பது மருத்துவரின் பணி. ஆட்டம் முடிந்ததும் காய்களை எண்ணி மூடியிட்டு வைக்கும் வேலையை மூத்த குழந்தையிடமே ஒப்படைக்கலாம். அதுவும் கணக்குத்தான்.

விளையாடுமுன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். நெகிழிக் காய்களைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள். தாள் விளையாட்டுகளை வீடு திரும்பும்போது இங்கேயே குப்பையில் இட்டுவிடலாம்.

கைப்பேசியை என்ன செய்வது?

கைப்பேசியைக் கொடுத்ததற்காக எந்தப் பெற்றோரும் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. ஊசி போடும் நிமிடத்தில் குழந்தையின் கவனத்தைத் திருப்புவது வலியுணர்வைக் குறைக்கும் என்பது ஆய்வுகளால் உறுதிப்பட்டது. அதற்குக் கைப்பேசி நல்ல துணை. ஆனால் நாள் முழுவதும் அதுவே துணையாகிவிட்டால், உண்மையில் ஊசி வரும்போது அதற்கு ஈர்ப்பு இராது. ஐந்து முதல் பத்து வயதுள்ள குழந்தைகளுக்குத் திரை நேரம் நாளொன்றுக்கு இரண்டு மணிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021இல் அறிவுறுத்தியுள்ளது. கைப்பேசியை ஊசிக்கும் இரவு நேரத் தவிப்புக்கும் சேமித்து வையுங்கள்.

வீடு திரும்பும்போது

மூன்று வாரம் வகுப்புக்குச் செல்லாத குழந்தை பள்ளிக்குத் திரும்பும்போது, தோழர்கள் கடன் வாங்கிக் கழிக்கக் கற்றிருப்பார்கள். "எனக்குக் கணக்கு வராது" என்ற முடிவு அப்போதுதான் மனத்தில் வேரூன்றுகிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடைபெறும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், தொடக்க வகுப்புகள் பாடலும் ஆடலும் செயல்பாடுகளுமாகவே நடத்தப்படுகின்றன. ஆகவே ஆசிரியரிடம் பேசி, வகுப்பில் இப்போது எந்தச் செயல்பாடு நடக்கிறது என்று கேட்டு அறியுங்கள். பயிற்சி நூலை இங்கே கொண்டுவாருங்கள். அந்த வாரப் பாடம் கழித்தலானால் பல்லாங்குழியிலும் கழித்தலையே சேர்த்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும்: நோயுற்ற பிள்ளை என்று எண்ணி எல்லா ஆட்டத்திலும் விட்டுக்கொடுக்காதீர்கள். குழந்தை அதனை அறிந்துவிடும். தன்னை இரக்கத்துக்குரியவராக நாம் பார்க்கிறோம் என்பதையும் அறிந்துவிடும். அதற்கு இரண்டு காய்களைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, பிறகு நேர்மையாக ஆடுங்கள். தோற்றால் மறுபடி ஆடலாம் என்பதைக் கற்பதும் உடல் தேறுவதற்கு உதவும் கல்வியே.

மாத்திரை அட்டைகளை அடுக்கிய சிறுவனுக்குச் செவிலியர் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தார். தாய் பதினான்கு வட்டங்களை வரைந்தார். வீட்டில் இருந்து வந்த பாட்டி, பொட்டலத்தில் மொச்சைக் கொட்டைகளைக் கொண்டுவந்தார். முதல் ஆட்டத்தில் பாட்டியே வென்றார். "நாளைக்குப் பாரு" என்றான் சிறுவன். நாளை என்ற சொல்லை ஆவலோடு அவன் சொன்னது, மருத்துவமனைக்கு வந்தபின் அதுவே முதல் முறை.